புள்ளிக் கடுதாசி

கந்தப்பன் தனியாகச் சிரித்தான். சென்னியம்மாளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. புருஷன் மடியில் கெட்டிக் காகிதப் புத்தகம். பக்கமெல்லாம் மேடு மேடாக வெறும் புள்ளி. அதை விரலால் தடவித் தடவிச் சிரிக்கிறான். என்னவென்று கேட்டால், "அதச் சொன்னா வராது புள்ள" என்கிறான்.

அம்மை வந்து அவன் கண் போன ஏழு வருஷமாக இவள்தான் அவனுக்குக் கண். மூணாங்கிளாஸ் படித்தவள் என்ற மிதப்பு அவளுக்கு உண்டு. வெற்றிலைக் கொடிக்கால் வேலை முடிந்ததும் பேப்பர் படித்துக் காட்டுவாள். அவள் வாயையே நம்பி அவன் உட்கார்ந்திருப்பான். அந்தச் சுகம் யாருக்குக் கிடைக்கும்? போன வருஷம் தெற்கே குருடர் பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாசம் போய் வந்தான், எல்லாம் போயிற்று. இப்போது எதற்கெடுத்தாலும் அங்கே இருக்கிற டீச்சரம்மாதான். அவள் மாசம் ஒரு புத்தகம் அனுப்ப, இவன் ஊசியால் குத்திக் குத்திப் பதில் எழுத, அதைத் தூக்கிக்கொண்டு காவேரிக்கரை வேலூர் தபாலாபீசுக்கு ஓடுவது மட்டும் சென்னியம்மாள்.

நீயும் கத்துக்கறயா என்று ஒருநாள் கேட்டான்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது" என்று வெட்டிவிட்டாள். ஆனால் அவன் குளிக்கப் போகிற நேரமெல்லாம், புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்தும் அச்சடித்திருந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாசம் நெட்டுருப் போட்டாள். வெற்றிலை கிள்ளிக் கிள்ளிக் காய்த்த விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கண்ணாலேயே படித்தாள். எதற்கு? அந்தச் சிறுக்கிக்கு என்னதான் எழுதுகிறான் என்று பார்க்கத்தான்.

தபாலாபீஸ் போகிற வழியில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கடுதாசியைப் பிரித்தாள். காவேரியில் தண்ணீர் வந்தது, எருமை கன்று போட்டது என்று போயிற்று. குலாவல் ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது. கடைசியில்தான் அது இருந்தது.

'வீட்டில் பேப்பர் படித்துக் காட்டுகிறாள். வாயில் நுழையாததையும் சாவுச் சேதியையும் விட்டுவிடுவாள். குரல் தாண்டும்போதே தெரிந்துவிடும். மனசு நோகுமே என்று கேட்டதில்லை. உங்கள் புத்தகத்தில்தான் எல்லாம் முழுசாக இருக்கிறது.'

ஏழு வருஷம்! தெரிந்துகொண்டே உம் கொட்டியிருக்கிறான் பாவி. அதையும் போய் அவளிடமா சொல்லுவது? கிழித்து வாய்க்காலில் விடக் கை துறுதுறுத்தது. என்னவோ, விடவில்லை. போய்ப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

சாயங்காலம் பேப்பரை விரித்தாள். பஸ் கவிழ்ந்து செத்தவர்கள் பேரைக்கூட விடாமல் படித்தாள். 'நிர்வாக ஸ்தாபனம்' என்ற இடத்தில் நாக்கு முட்டியது. நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"கேக்குதுங்களா மாமா?"

"ம்" என்றான். மடியிலிருந்த புள்ளிப் புத்தகத்தில் அவன் விரல் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தது.