மூணு மணிக்குள்ள

பத்திர ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற காந்திமதிநாதன், பாங்குப் பணத்தை எடுத்து மில் பங்குகள் வாங்கியது 1946இல். பாங்கில் நூற்றுக்கு மூன்று வட்டி. அரிசி விலையோ உலக யுத்தத்துக்கு முன்பு விற்றதைப்போல மூன்று மடங்கு. மதுரையில் பங்குத் தரகராக இருந்த தம்பி சிவராமலிங்கம்தான் யோசனை சொன்னார்.

மறுவருசம் பங்கு விலை சரிந்தது. எண்பதுக்கு வாங்கியது நாற்பதுக்கு வந்தது. "பொறுங்க, ஏறும்" என்றே தம்பி கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் ஒரு நாள் உச்சிவேளை. காந்திமதிநாதன் இருந்த சங்கரன்கோவிலில் தெருவெல்லாம் புழுதிக்காற்று. சிவராமலிங்கம் வீட்டுக்குள் வந்து நின்றார். வேட்டியில் ஒரு தூசி இல்லை.

"வா தம்பி, எந்த வண்டிக்கு வந்தே?"

"அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. இன்னைக்கு மூணு மணிக்குள்ள, சந்தை மூடுததுக்கு முன்னால வித்துருங்க. உடனே தந்தி அடிங்க."

காந்திமதிநாதனின் மனைவி நெல்லையம்மாள் இலை போட்டாள். சிவராமலிங்கம் உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

காந்திமதிநாதன் தபாலாபீசுக்கு ஓடினார். போஸ்ட்மாஸ்டர் ஆறுமுகச்சாமி எழுந்து நின்றார்.

"உங்க வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பப் பாத்தேன் அண்ணாச்சி. மதுரையிலேருந்து தந்தி. உங்க தம்பி காலையிலே தவறிட்டாகளாம்."

"என்ன வே சொல்லுதீரு? அவன் எங்க வீட்ல இலை முன்னால உக்காந்திருக்கான்!"

ஆறுமுகச்சாமி தந்தியை நீட்டினார். நெஞ்சுவலி, காலை ஆறு மணி. காந்திமதிநாதன் அதை இரண்டு தரம் படித்தார். அங்கேயே நின்று, பங்குகளை விற்கச் சொல்லித் தம்பியின் கூட்டாளி நாறும்பூநாதன் ஆபீசுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு ஓடினார்.

இலையில் சோறு அப்படியே இருந்தது.

"இப்பத்தான் எந்திரிச்சு அடுக்களைப் பக்கமாப் போனாக" என்றாள் நெல்லையம்மாள்.

அடுக்களைக்கு அப்பால் சுவர்தான்.

அடுத்த ரயிலில் இருவரும் மதுரைக்குப் போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் நாறும்பூநாதன் அவரைத் தனியே அழைத்தார்.

"உங்க பங்கு அன்னைக்கு முப்பத்தெட்டுக்கு வித்துப்போச்சு. இன்னைக்குப் பதினொண்ணு."

"இறங்குத சந்தையில யாரு வாங்குனா?"

"வாங்க ஆளே இல்ல. உங்க தம்பி முந்துன நாளே பணத்தைக் கட்டி எழுதிக் குடுத்திருந்தாரு, அண்ணாச்சி வித்தா என் பேருக்கு வாங்குங்கன்னு. அதும்படி நானும் வாங்கிட்டேன். விக்கச் சொல்லுததைக் கடுதாசியில எழுத முடியாது, நாளைக்கு நேர்லயே போய்ச் சொல்லுதேன்னாரு."

 காந்திமதிநாதன் பங்கு விற்ற பணம் முழுவதையும் தம்பி மனைவி முத்துமீனாள் முன்னால் வைத்தார்.

"அவுக ஆசைப்பட்டுச் செஞ்சது. எனக்கு வேண்டாம்" என்றாள் அவள்.

"பிள்ளைகளுக்கு ஆகட்டும்மா. பங்கை எம்பேருக்கே மாத்திக் குடுத்திரு."

மாற்றி வாங்கினார். அது பிறகு ஏறவே இல்லை. அந்த வருசம் முழுக்க அவர் வீட்டில் கம்பஞ்சோறுதான்.