சுயுஞ்சு கேட்ட முற்றம்

எங்கள் பிஷ்கெக்கில் நல்ல செய்தி கொண்டுவருகிறவர் முதலில் "சுயுஞ்சு!" என்று கத்துவார். கேட்டவர் கையில் இருப்பதைப் பரிசாகக் கொடுத்தே ஆகவேண்டும். பிள்ளை பிறந்தால் கத்துவோம், மகன் ராணுவத்திலிருந்து திரும்பினால் கத்துவோம். ஆப்ரிகாட் மரம் பூத்ததற்காகக் கத்திய முதல் ஆள் அநேகமாக நான்தான்.

ஊரடங்கின் பத்தாம் நாள் அது. நான் ஓட்டும் டிராலிபஸ் பணிமனையில் தூங்கியது. நான் மூன்றாம் மாடியில் தூக்கம் வராமல் கிடந்தேன். அதிகாலைத் தொழுகை முடித்து ஜன்னலைத் திறந்தால், முற்றத்து மரத்தில் நாலே நாலு பூ. இறைவன் தன் கடையை மூடவில்லை என்று தோன்றியது. வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

எதிர்க்கட்டடத்து மமித் அண்ணன், டாக்சி ஓட்டுபவர், பனியனோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன அனார், கொரோனா போயிடுச்சா?"

"மரம் பூத்திருக்கு அண்ணே. எடுங்க பரிசை!"

"அடிப்பாவி, இதுக்கா என் தூக்கத்தைக் கெடுத்தே?" திட்டிக்கொண்டே ஒரு வெங்காயத்தைக் கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்கினார்.

அன்றிலிருந்து முற்றம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. மாவு பொங்கியதற்கு ஒரு சுயுஞ்சு, குழந்தைக்குப் பல் முளைத்ததற்கு ஒன்று. மமித் அண்ணன் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு சுயுஞ்சு கேட்டார். தலையைப் பார்த்த பிறகு ஒருவரும் பரிசு தரவில்லை. "இது நல்ல செய்தியில சேராது" என்று அவருக்கு மேல்வீட்டுப் புருல்தான் தீர்ப்புச் சொன்னாள்.

அடுத்த வாரம் புருலின் கணவன் எசெனைக் காய்ச்சலோடு ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்றாள். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. நாளுக்கு ஒருமுறை நர்ஸ் போனில் இரண்டு வார்த்தை சொல்வாள்.

ஒருநாள் யாரோ சுயுஞ்சு என்று கத்த, புருல் கையில் சோப்பு நுரையோடு ஜன்னலுக்கு ஓடிவந்ததைப் பார்த்தேன். யார் வீட்டிலோ வெந்நீர்க் குழாய் சரியாகியிருந்தது, அவ்வளவுதான். அவள் முகம் வாடிய விதம் என் நெஞ்சில் தைத்தது. எங்கள் விளையாட்டு ஒருத்தியைத் தினமும் பத்து தடவை ஏமாற்றிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் போன் செய்தேன். யாரும் மறுக்கவில்லை. முற்றம் வாயை மூடிக்கொண்டது. தாழ்ந்த குரலில் பேசினோம். ஆளுக்கொரு பாத்திரத்தில் சூப்பும் ரொட்டியும் அவள் கதவருகே வைத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் மதியம் புருல் ஜன்னலைத் திறந்தாள். தலையில் கறுப்புத் துணி.

"அனார் அக்கா, சொல்லிடுங்க. எப்போ?"

"எது எப்போ?"

"எனக்குத் தெரியாதா? யாரும் சிரிக்கல. வாசல்ல சாப்பாடு குவியுது. மமித் அண்ணன் தலையைச் சீவிக்கிட்டு எனக்கு மரியாதையா சலாம் சொல்றாரு! என் வீட்டுக்காரர் போயிட்டாரு. பெரியவங்க யாராவது வந்து பக்குவமா சொல்லட்டும்னு காத்திருக்கீங்க. ஆஸ்பத்திரியில நேத்திலேர்ந்து போனும் எடுக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வழக்கமே அதுதான். சாவுச் செய்தியை உரியவருக்குச் சட்டென்று சொல்லமாட்டோம். அக்கம்பக்கம் முதலில் அடங்கிப்போகும், பிறகுதான் பெரியவர்கள் வருவார்கள். இரக்கப்பட்டு நாங்கள் செய்த அத்தனையும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

"ஐயோ, அல்லாஹ்வே! எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடி, சத்தியமா! ஒவ்வொரு சத்தத்துக்கும் நீ ஓடிவந்து ஏமாந்துபோறியேன்னுதான் நிறுத்தினோம்."

புருல் ஜன்னல் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுதாள். அதோடு சிரிக்கவும் செய்தாள்.

"ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். கத்துங்க அக்கா. நீங்க கத்துற வரைக்கும் கெட்ட சேதி எதுவும் வரலைன்னு எனக்குத் தெரியும்ல?"

அவள் ஜன்னலுக்குக் கீழிருந்து மமித் அண்ணன் உடனே தொண்டையைத் திறந்தார். "சுயுஞ்சு! புருல் ஜன்னலைத் திறந்துட்டா!"

"பரிசெல்லாம் கிடையாது. முதல்ல அந்தத் தலையைக் கலைச்சுக்கோங்க, பார்க்கவே பயமா இருக்கு!"

மாலையில் நர்ஸ் பேசினாள். எசென் அப்படியேதான் இருக்கிறார் என்றாள். அதற்கும் ஒரு சுயுஞ்சு கத்தினோம்.

ஒன்பது நாட்கள் கத்தினோம். ஒவ்வொரு தொழுகையிலும் எசெனுக்காகக் கையேந்தினோம். பத்தாம் நாள் காலை கத்தியது புருல்.

"சுயுஞ்சு! அவரே போன் பண்ணினாரு! ஆஸ்பத்திரிக் கஞ்சியை வாயில வைக்க முடியலையாம், திட்டித் தீர்க்கிறாரு!"

எல்லா ஜன்னல்களும் திறந்தன. புருல் தன் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். ஒவ்வொருவராகப் போய் அதில் போட்டோம்: தேன், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள், தேயிலை, என் பங்குக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. பெரிதாகச் செய்ய எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. ஒரு சத்தம், ஒரு வெங்காயம். அவற்றையும் இறைவன் வீணாக விடுவதில்லை என்று அன்று கண்ணால் கண்டேன்.

கடைசியாக வந்த மமித் அண்ணன் தன் முடிவெட்டும் மிஷினையே கூடையில் வைத்தார்.

"எசென் வரட்டும், நானே வெட்டிவிடறேன்!"

"திருப்பி எடுத்துக்கோங்க அண்ணே!" புருல் மேலிருந்து கத்தினாள். "மனுஷன் இப்பத்தான் பிழைச்சிருக்காரு!"