இருபத்தொன்றாம் நாள் வந்த கோட்டுக்காரர்

தெருக்கோடித் தையல்கடையில் ஆணியில் மாட்டியிருந்த சாம்பல் நிறக் கோட்டுக்குள் இருபத்தொன்றாம் நாள் காலையில் ஒரு பணக்காரர் இருந்தார். ஏழு மணிக்கு டெய்லர் கதவைத் திறந்தபோது, வெட்டுமேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரே நாற்காலியில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் டெய்லருடைய முகம்தான். கன்னம் மட்டும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. டீ வந்துவிட்டதா என்று கேட்டார். தினமும் இரண்டு டீ வரும், ஒன்று டெய்லருக்கு, ஒன்று அவருடைய வீட்டுக்காரம்மாவுக்கு. டெய்லர் தன்னுடையதை எடுத்து நீட்டினார்.

தப்பு நடந்தது பயிற்சி வகுப்பில். செல்வம் சேர்ப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் ஆகப்போகும் பணக்காரரை இருபத்தொரு நாள் அணு அணுவாக நினைத்துப் பாருங்கள், வருவார் என்றார் பயிற்சியாளர். வந்திருந்த முந்நூறு பேரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய் மறந்துவிட்டார்கள். டெய்லருக்கோ இஞ்சு டேப் இல்லாமல் எதையும் நினைத்துப் பழக்கமில்லை. அதனால் அளவெடுத்தார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிற ஆள் என்பதால் இடுப்பில் நாலு இஞ்சு கூட்டினார். பார்த்தவர்கள் மதிக்க வேண்டும் என்பதால் உயரத்தில் மூன்று. கை நுழையும் இடமான கைக்குழியை மட்டும் இறுக்கி வெட்டினார். உட்கார்ந்த ஆளுக்கு அப்படி வெட்டினால்தான் கோட்டு வார்த்து ஊற்றியதுபோல் நிற்கும், பணக்காரர் எதை எட்டி எடுக்கப்போகிறார்? மூன்று வருடமாக யாரும் கேட்டு வராமல் கிடந்த துணி அது. இருபது நாளும் கடை மூடியபின் தைத்தார். வரவேண்டியவர் வந்துவிட்டார்.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்திரிக்காரர் வந்து, கோட்டோடு சேர்த்தே தேய்க்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரத்தில் கோட்டுக்காரர் என்ற பெயர் நிலைத்தது. துணி கொடுக்க வந்தவர்கள் அவரைத்தான் முதலாளி என்று நினைத்துப் பேசினார்கள், அவரும் தலையாட்டினார். டெய்லர் நின்றுகொண்டே வெட்டினார். வீட்டில் கோட்டுக்காரர் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். டெய்லர் வகுப்பில் வாங்கி வைத்திருந்த, பணம் சேர்க்க வழி சொல்லும் புத்தகங்கள் பதினொன்றையும் ஒரே வாரத்தில் படித்து முடித்து, ஒவ்வொன்றும் முந்தின புத்தகம் சொன்னதையேதான் சொல்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன கையோடு பன்னிரண்டாவது எப்போது வரும் என்று விசாரித்தார். வேலை என்று ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. ஆறு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு மண்டபத்தில் உச்சி வகுப்பு என்று ஒன்றை அறிவித்தார்கள். மூன்று நாள், குறைந்த பேருக்கு மட்டும். கட்டணம் கிட்டத்தட்ட தையல் மிஷின் விலை. கோட்டுக்காரர் மிஷினை விற்றுவிடச் சொன்னார், நாலாவது புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அந்த மிஷின், வீட்டுக்காரம்மா வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலை மூடியபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக அவர் தோளில் சுமந்து வந்தது. பன்னிரண்டு வருடமாக வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். டெய்லருக்கும் அது தெரியும். ஆனால் சொல்வது தன் முகமாகவே இருக்கும்போது மறுப்பது லேசில்லை. அடுத்த தெருக்காரர் ஒருவர் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

வீட்டுக்காரம்மா சத்தம் போடவில்லை. சனிக்கிழமை மட்டுமே மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவர், அன்று வியாழக்கிழமையே விட்டார்.

“வித்துக்குங்க. ஆனா ஞாயித்துக்கிழமை நானும் வரேன். நம்ம மிஷின் எங்க போகுதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்” என்றார்.

மூவரும் போனார்கள். மண்டபத்தில் பயிற்சியாளர் மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார், பிறகு நின்று, கோடீஸ்வரர் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள் என்றார். மண்டபமே தூக்கியது. டெய்லர் இரண்டு கையையும் தூக்கினார். பின்னால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவரும் தூக்கினார். கோட்டுக்காரரின் கைகள் மட்டும் முழங்காலிலேயே இருந்தன. பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டார். எத்தனையோ மண்டபங்களில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். தூக்காத கையை அன்றுதான் பார்த்தார். பக்கத்திலேயே அதே முகத்தோடு டெய்லரும் இருந்ததால், வந்திருப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இடைவேளையை அரைமணி முன்னதாகவே விட்டுவிட்டு இறங்கி வந்து, விற்காத புத்தகப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு மூவரையும் அழைத்துப் போனார். கதவைச் சாத்திவிட்டுக் கோட்டுக்காரரின் காதருகே குனிந்தார்.

“சார், நீங்க எப்படி வந்தீங்கன்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க. பதினொரு வருஷமா நானும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கு யாரும் வரல.”

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. “எனக்கென்னங்க தெரியும்? தைச்சாங்க, வந்தேன்” என்றார் கோட்டுக்காரர்.

பயிற்சியாளர் அப்படியே டெய்லர் பக்கம் திரும்பி, தனக்கும் ஒன்று தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். இவ்வளவு பக்கத்தில் டெய்லர் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டைக் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்திருந்தது. புதுச் சட்டை எடுக்க முடியாதவர்களுக்கு வாரத்துக்கு நாலு காலர் அப்படித் திருப்பிக் கொடுப்பவர் டெய்லர். அந்தத் தையல் அவருக்குத் தெரியாதா? ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கிப் போனது. அழ வேண்டும்போலவும் சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. “காலர்ல தையல் விட்டிருக்கு சார். கடைப் பக்கம் வாங்க, போட்டுத் தரேன்” என்றார்.

மிஷினை விற்க வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறியதும் டெய்லர் சொன்னார். வீட்டுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோட்டுக்காரரைக் காட்டிச் சொன்னார்.

“அவரு தூக்காம இருக்கலைங்க. முயற்சி பண்ணாரு, நான் பாத்தேன். தூக்க முடியல. கைக்குழிய இவ்ளோ இறுக்கமா யாராவது வெட்டுவாங்களா? அப்புறம் மனுஷன் எப்படி வேலை செய்வாரு?”

“நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். அழகா தைச்சிருக்கீங்க, கொற சொல்ல மனசு வரல” என்றார் கோட்டுக்காரர்.

டெய்லருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மத்தியானமே அக்குள் தையலைப் பிரித்து, மிச்சத் துணியில் கைக்கொரு முக்கோணத் துண்டு வைத்துக் கொடுத்தார். கோட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். மூட்டுகள் சடசடவென்றன. பிறகு, டெய்லர் இத்தனை வருடம் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்த மேல்தட்டு நூல்பெட்டியை நின்ற இடத்திலிருந்தே எடுத்துக் கீழே வைத்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் அவருக்கு நல்ல கை. மறுநாள் வண்டியோடு வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு கால்சட்டைக்கு அளவு கொடுத்துப் போனார். பயிற்சியாளர் புதன்கிழமை காலரோடு வந்தார், பிறகும் வந்துகொண்டிருக்கிறார். பதினொரு புத்தகங்களும் நல்ல கனம். வெட்டும்போது துணி நகராமல் இருக்க அவற்றைத்தான் வைக்கிறார்கள். அந்த வகுப்புக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், நான் போனேன், ஒரு ஆள் கிடைத்தார் என்று மட்டும் டெய்லர் சொல்வார். வேலை செய்ததில் வருடக் கடைசிக்குள் கோட்டுக்காரரின் இடுப்பு நாலு இஞ்சு குறைந்தது, அதற்கேற்றபடி கோட்டையும் இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்கள். இப்போது நாற்காலி மூன்று. காலை ஏழு மணிக்கு மூன்று டீ வருகிறது.