ஹபீஸாவின் கழுத்தில் கிடந்த ஆடு

யட்டியாந்தோட்டை பஸாரில் பெயிண்டும் ஆணியும் விற்கும் ஸம்சுதீனுக்கு ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு கிறுக்கு இருந்தது. ரோம சாம்ராஜ்யம் சரிந்துகொண்டிருந்த காலத்துத் தங்கக் காசுகளைப் பார்த்து, எது எந்த அச்சில் அடித்தது என்று கண்டுபிடிப்பது. அப்படி ஒரு காசை அவர் தொட்டதுகூட இல்லை. எல்லாம் ஃபோனில் வரும் படங்கள்தான்.

அந்தக் காலத்தில் அச்சைக் கையால் செதுக்கினார்கள். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஓர் அச்சில் மன்னனின் ஈட்டி எழுத்தில் போய் இடிக்கும், மற்றதில் இடிக்காது. மன்னனின் கேடயத்தில் பொடியாக ஒரு குதிரைவீரன் இருப்பான். ஒரே ஓர் அச்சில் மட்டும் செதுக்கியவனின் கை வழுக்கி, குதிரைக்குக் கொம்பு முளைத்துவிட்டது. ஸம்சுதீன் அதற்கு ‘ஆட்டு அச்சு’ என்று பெயர் வைத்தார். ஜெர்மனியிலும் துருக்கியிலும் இருந்த இதே மாதிரிக் கிறுக்கர்கள் சிலரோடு அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். அவர்களுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போனது. ஆட்டு அச்சில் அடித்த காசு அவர்கள் அறிய உலகத்தில் இரண்டே இரண்டுதான்.

மூன்றாவதை ஸம்சுதீன் கண்டது, மகன் இக்ராமுக்குப் பெண் பார்க்கக் கரவனெல்லைக்குப் போன வீட்டில். பெண்ணின் தாய் ஹபீஸா குனிந்து தேத்தண்ணி வைத்தபோது, முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சங்கிலி வெளியே வந்து ஆடியது. அதன் நுனியில் மன்னன், ஈட்டி, கேடயம்.

ஸம்சுதீனுக்கு அதற்குப் பிறகு பெண்ணும் தெரியவில்லை, மகனும் தெரியவில்லை. முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று கதிரையை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். மனைவி மைமூனா தொடையில் கிள்ளியது உறைக்கவில்லை. ஹபீஸாவின் கணவர் ஹலீம் இருமிப் பார்த்தார். கடைசியில் ஸம்சுதீன் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியையே எடுத்துவிட்டார்.

“கொஞ்சம் கிட்ட வர ஏலுமா?” என்று அவர் ஹபீஸாவிடம் கேட்டதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இக்ராம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மைமூனா வட்டிலப்பம் செய்து, புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கரவனெல்லைக்கே திரும்பப் போனாள். ஸம்சுதீன் ஃபோனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார்.

ஹலீம் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “அப்ப நீங்க பாத்தது ஆட்டயா?”

“ஆட்டத்தான் நானா. அல்லாஹ் மேல ஆணை” என்றார் ஸம்சுதீன், அவரை அண்ணன் முறை வைத்து.

ஹபீஸா உள்ளே போய்ச் சங்கிலியைக் கழற்றி ஒரு பீங்கானில் வைத்து அனுப்பினாள். ஸம்சுதீன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கொம்பு இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டதும் ஹபீஸாவின் கோபம் பாதி இறங்கியது. கதவடியில் நின்றபடியே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“அரநாயக்கயில என் தங்கச்சி நப்லாகிட்டயும் இதே மாதிரி ஒண்டு இரிக்கி. வாப்பா குடுத்தது. அவட காசுதான் அசலாம், என்னுடையது போலியாம். ஒரு கல்யாண வீட்டுல எல்லாருக்கும் முன்னால சொன்னா. அதுக்குப் பொறகு நாங்க பேசுறல்ல. நானா ரெண்டையும் பாத்து எது அசலெண்டு சொல்லுங்க. பொறகு பொண்ணு விஷயத்தப் பேசுவோம்.”

நப்லாவுக்கும் அதே ஆசை இருந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஸம்சுதீன் வீட்டுக்கு வந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மேசையில் இரண்டு காசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஆடு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசு தன் வீட்டு மேசையில் கிடப்பதை ஸம்சுதீன் விரலை நீட்டி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்.

ஆனால் பூதக்கண்ணாடியை நகர்த்த நகர்த்த முகம் வாடியது. மன்னனின் தாடைக்குக் கீழே ஒரு கீறல் இருந்தது. மற்றக் காசிலும் அதே இடத்தில் அதே கீறல். விளிம்பில் ஒரு நசுங்கல், அதுவும் இரண்டிலும். காசு அச்சிலிருந்து வந்த பிறகு யார் கையிலோ பட்ட கீறல், இரண்டில் ஒரே மாதிரி விழ வழியில்லை. ஏதோ ஒரு மூலக் காசை வைத்து அச்செடுத்து, தங்கத்தை உருக்கி வார்த்தவை இரண்டும்.

“என்ன நானா?” என்றாள் ஹபீஸா.

“ரெண்டும் அச்சு அசலா ஒண்டுதான்” என்றார் ஸம்சுதீன் வாடிய குரலில்.

பெண்கள் இருவர் காதிலும் விழுந்தது ‘அசல்’ மட்டும்தான். நப்லாவின் முதுகு மெல்லத் திரும்பியது. ஹபீஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மைமூனா அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

ஸம்சுதீனால் விட முடியவில்லை. “இல்ல, நான் சொன்னது வேற” என்று ஆரம்பித்தார். மைமூனா அடுப்படியிலிருந்து கண்ணால் கெஞ்சியதையும் பொருட்படுத்தாமல், கீறலையும் நசுங்கலையும் காட்டி முழுதும் சொல்லி முடித்தார். தங்கம் தங்கம்தான், காசு மட்டும் அசல் இல்லை என்றார்.

அக்காவும் தங்கையும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப அசல்?” என்றாள் நப்லா.

“மஷூர் நானாகிட்ட” என்றாள் ஹபீஸா.

மஷூர் அவர்களின் ஒரே அண்ணன், இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரி. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஹலீமின் வேனில் ஏறினார்கள். ஸம்சுதீனைச் சாட்சிக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். வழிநெடுக இரண்டு பெண்களும் அண்ணனின் சின்ன வயதுக் களவுகளையெல்லாம் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்தினார்கள். அவிசாவளை தாண்டும்போது சிரிப்பும் வந்துவிட்டது.

தங்கச்சிமார் இருவரும் ஒரே வேனிலிருந்து இறங்குவதைக் கண்ட மஷூர் கேட்டடியில் அப்படியே நின்றார். “யாரு மௌத்து?” என்று சாவுச் செய்தியை எதிர்பார்த்தவர் போலக் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயை மூடியவர் திறக்கவில்லை. ஆம் என்றும் இல்லை என்றும் தலையை மட்டும் ஆட்டினார். ஹபீஸாவுக்குச் சந்தேகம் தட்டியது. “வாயத் தொறங்க நானா” என்றாள். நப்லா அவர் கன்னத்தைப் பிடித்தாள்.

மேல்வரிசையில் இரண்டு தங்கப் பற்கள் பளபளத்தன.

“வாப்பா எனக்கிட்டதான் அசலத் தந்தாரு” என்றார் மஷூர், மெதுவாக. “உங்களுக்கு அத வெச்சித்தான் வார்த்தாரு. பல்லு விழுந்த நேரம் கையில வேற தங்கம் இருக்கல்ல.”

அக்காவும் தங்கையும் அங்கிருந்த சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணத்தை அடுத்த மாதமே வைப்பதென்றும், புரியாணி அரநாயக்கவிலிருந்துதான் வர வேண்டுமென்றும் அங்கேயே முடிவானது. ஸம்சுதீன் மட்டும் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மைமூனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குழுவுக்கு அவர் செய்தி அனுப்பியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. துருக்கிக்காரர், சாவு கேட்டால் சொல்வதுபோல, ‘இன்னா லில்லாஹி’ என்று எழுதினார். ஜெர்மன்காரரோ, பல்லையாவது படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.