ட்ரெவர் வீட்டுக் கீரை

முதல் வாய் விழுங்கியபின்தான் கனகலிங்கம் கேட்டான். "உதென்ன கீரை?"

"மேலறையில, ட்ரெவரின்ர சாடியில நிண்டது," என்றாள் கலாவதி. "உள்ளி போட்டு வறுத்தனான். பாவம் மனுசன், லைட்டெல்லாம் போட்டு வளக்குது. ஊரில கீரைக்கு ஆர் லைட் போடுறது?"

அவன் அடுத்த வாய்க்கு எடுத்ததைக் கோப்பையிலேயே போட்டான். வீட்டுக்காரர் ட்ரெவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் வேலையை உதறி, முடி வளர்த்து, காசிவரை போய், உலகத்தை அன்பால் திருத்தப் புறப்பட்டவர். இருபது வருடமாகியும் உலகம் திருந்தவில்லை. முடி மட்டும் இடுப்புக்கு வந்திருந்தது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இவர்களுக்கு மறுபேச்சில்லாமல் அறை கொடுத்தவர் அவர்தான். பகலெல்லாம் பழைய ராக் இசைத்தட்டுகள் ஓடும். கிற்றார் அலறும்போதெல்லாம் கலாவதி கூரையை அண்ணாந்து பார்ப்பாள். சாடியில் வளர்வது என்னவென்று கனகலிங்கத்துக்குத் தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்தவள் பயந்துவிடுவாளே என்றுதான் சொல்லாமல் விட்டிருந்தான்.

"அது கஞ்சாவடியப்பா!"

"சும்மா வெருட்டாதேங்கோ. பசியில நான் முந்தியே ஒரு கோப்பை சாப்பிட்டிட்டன். எனக்கொண்டும் செய்யேல்லையே."

வாசல் மணி அடித்தது. ஜன்னலில் பொலிஸ் தொப்பி தெரிந்தது.

அவர்களுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பொலிஸில் பெயர் பதிந்தால் அடுத்த விமானம் இலங்கைக்கு, கட்டுநாயக்காவுக்குத்தான். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று வழக்கறிஞரை நம்பவைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது அவனுக்கே முழு நம்பிக்கை வந்துவிட்டது.

ட்ரெவர் வெறுங்காலோடு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் முறையிட்டிருந்தார்கள். அவர் மறுபடி மேலே ஏறி இசைத்தட்டை நிறுத்தினார். அந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து கனகலிங்கம் கேட்டதேயில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அள்ளி அள்ளி விழுங்கினான். சாட்சியத்தை அழிக்க வேறு வழி தெரியவில்லை.

"நல்ல வாசனையாக இருக்கிறதே, என்ன சமையல்?" பொலிஸ்காரனின் சப்பாத்துச் சத்தம் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"இஞ்சருங்கோ," கலாவதி அவன் காதருகே குனிந்தாள். "அந்தத் தொப்பி... அவிச்ச முட்டைக்குக் கோது போட்ட மாதிரி..."

லண்டன் வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நிற்கவில்லை. கனகலிங்கம் கீரை ஒட்டிய கையால் அவள் வாயைப் பொத்தினான். விரல்களுக்கிடையில் சிரிப்பு முட்டியது. அவன் வயிற்றுக்குள்ளும் ஏதோ குலுங்கத் தொடங்கியது. கதவின் பித்தளைக் கைபிடி மெல்லத் திரும்பியது.