அருளம்மாவின் குளிசைகள்

"காய்ச்சல் ஐயா. மூண்டு நாளாக் காய்ச்சல்," என்று கிறகரி மறுபடியும் சொன்னான்.

மரண விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு முன்னால் ஒரு மேசை, இரண்டு கதிரைகள். ஒன்றில் அவர் இருந்தார். மற்றதில் செத்தவளின் புருசன் கிறகரி. அவன் தோளில் கையை வைத்தபடி தமையன் அலெக்ஸாண்டர் பின்னால் நின்றார். அது ஆறுதலுக்கு வைத்த கை அல்ல என்பது சுவரோரம் நின்ற றஞ்சிதாவுக்குத் தெரிந்தது. கிறகரியின் பேச்சுத் தடுமாறும்போதெல்லாம் அந்த விரல்கள் அழுந்தின.

உள்ளே கிடந்தவள் அவளுடைய அக்கா அருளம்மா. நாற்பத்தொரு வயது.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சனம் தகரத்துக்கும் தடிக்கும் அலைந்த நேரத்தில் அலெக்ஸாண்டர் இரண்டு படகும் வலையும் வாங்கிக் கடற்கரையில் கருவாட்டு வாடி போட்டுவிட்டார். ஊர் அவரைச் சம்மாட்டி என்று அழைக்கத் தொடங்கியது. கிறகரி அவருடைய படகில் தொழிலுக்குப் போனான். அருளம்மா, றஞ்சிதா, இன்னும் ஆறு பெண்கள் வாடியில் மீனை வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பித் திருப்பினார்கள். வாடியில் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குக் கடல் இருந்தது. பெண்கள் கால் மைல் நடந்து பனங்கூடலுக்குப் பின்னால் போய்வர வேண்டும். கண்ணிவெடி எடுத்து முடிந்த பக்கம் அது ஒன்றுதான்.

அருளம்மாவுக்கு அந்த நடை ஒரு நாளைக்குப் பத்துத் தரம். முகாமில் கக்கூஸ் வரிசையில் அடக்கி அடக்கி நின்றதில் தொடங்கிய வருத்தம் என்பாள். வந்தால் ஒரு நிமிடம் தாங்க முடியாது. ஒருநாள் பாதி வழியிலேயே சீலை நனைந்து திரும்பி வந்தாள். சம்மாட்டி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மீன் கிடக்கட்டும், இவள்ர சீலை காயவே இந்த வெயில் காணாது போல கிடக்கு."

படகடியில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். கிறகரியும் சிரித்தான்.

அடுத்த கிழமை அவள் கிளினிக்குக்குப் போனாள். மூத்திரம் தங்கும் சலப்பை தேவையில்லாமல் இறுகுகிறது என்று விளக்கிய டாக்குத்தர், ஒரு நாளைக்கு ஒரு குளிசை என்று துண்டு எழுதிக் கொடுத்தார். "வாய் காயும். வேர்வை குறையும். வெயிலுக்க கனநேரம் நிக்கக் கூடாது. தண்ணி நல்லாக் குடிக்க வேணும்." துணைக்குப் போயிருந்த றஞ்சிதாவுக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. அருளம்மா "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். அவளுக்கு வெயிலில் நிற்பதுதான் வேலை என்பதை இரண்டு பேருமே டாக்குத்தரிடம் சொல்லவில்லை.

குளிசை வேலை செய்தது. பத்து, நாலாகக் குறைந்தது. ஞாயிறு பூசையில் கடைசி வரைக்கும் இருந்தாள். அந்த நாலும் சம்மாட்டியின் கண்ணில் குத்தியது. "இன்னொருக்கா பனங்கூடலுக்குப் போனா அப்பிடியே வீட்டை போ," என்றார். அன்றிலிருந்து அருளம்மா காலையில் இரண்டு குளிசை போட்டாள். வாடியில் தண்ணீர் குடிப்பதை விட்டாள்.

முந்தாநாள் பதினொரு மணி போல அவள் கேட்டாள்: "றஞ்சி, தலை சுத்துது. கொஞ்சம் நிழலுக்க இருந்திட்டு வரட்டோ?"

றஞ்சிதா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டு பேர்ர வேலையை நான் ஒராள் செய்யேலாது அக்கா. முதல் இதைத் திருப்பி முடியுங்கோ."

அருளம்மா திருப்பினாள். ஒரு மணிக்கு மீனுக்கு மேலேயே விழுந்தாள். தொட்ட கை சுட்டது. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அவளைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றியவர் அலெக்ஸாண்டர்தான். அடுத்த நாள் விடிய அவள் கண் திறக்காமலே போனபோது சவப்பெட்டிக்குச் சொன்னவரும் அவர்தான்.

"வேற ஏதும் வருத்தம் இருந்ததோ?" என்று அதிகாரி கேட்டார்.

அலெக்ஸாண்டர் முந்திக்கொண்டார். "சலவருத்தம் ஐயா. கண்டபடி குளிசை குடிச்சவள். அந்தக் குளிசைதான் ஆளைச் சாக்காட்டினது."

"இப்ப காய்ச்சல் எண்டீங்கள்?" அதிகாரி பேனாவை நிறுத்தினார். "வேற ஆரும் சொல்ல இருக்கினமோ?"

றஞ்சிதா சுவரை விட்டு முன்னுக்கு வந்தாள்.

"நீ பேசாம நில்," என்றார் அலெக்ஸாண்டர்.

"காய்ச்சல் இல்லை ஐயா. வெயில். வாடியில கக்கூஸ் இல்லை. வெளிய போனா வேலை இல்லை எண்டவர் இவர். அதுக்குப் பயந்துதான் அக்கா ரெண்டு குளிசை போட்டவ, தண்ணி குடியாம நிண்டவ." அவள் அதிகாரியின் பேனாவைப் பார்த்தாள். "நிழலுக்க இருக்கக் கேட்டவ. நான்தான் விடேல்லை. அதையும் எழுதுங்கோ."

"நீங்கள் ஆர்?"

"தங்கச்சி."

அதிகாரி அவளை ஒருதரம் பார்த்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

பெட்டியை ஏற்றிய வான் கடலுக்குக் குறுக்கே கட்டிய தாம்போதியைத் தாண்டியது. பாப்பாமோட்டை ஊர் வந்ததும் கிறகரி பெட்டியைப் பார்த்தபடியே சொன்னான்: "என்ர வயித்தில அடிச்சிட்டாய். இனி நான் ஆர்ர படகில போறது?"

"அண்டைக்கு நீங்களும் சிரிச்சனீங்கள் அத்தான்."

"நான் சிரிச்சன்." அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "நீ நிழலுக்க விட்டனியோ?"

பள்ளத்தில் வான் விழுந்தபோது பெட்டி அசைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை வைத்துப் பிடித்தார்கள். பிடித்த கைகளை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரமே அடக்கம். றஞ்சிதா வாக்குமூலம் கொடுத்த கதை பெட்டிக்கு முந்தியே ஊருக்கு வந்திருந்தது. சேமக்காலையில் சுவாமி செபத்தை முடித்து, எல்லோரும் மண் போடத் தொடங்கியபோது, குனிந்த றஞ்சிதாவுக்குக் குறுக்கே அலெக்ஸாண்டர் வந்து நின்றார்.

"குடும்பத்தை விசாரணைக்கு இழுத்தவளுக்கு இங்க என்ன வேலை?"

சுவாமி புத்தகத்தைப் புரட்டினார். றஞ்சிதா குழியைச் சுற்றி மறுபக்கம் போய், பெட்டியின் கால்மாட்டில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள். ஒருமுறை, இன்னொருமுறை. கிறகரி பார்த்துக்கொண்டே நின்றான்.

அடக்கம் முடிந்ததும் வந்தவர்கள் கைகொடுத்துவிட்டுப் போவதற்காகக் குடும்பம் சேமக்காலை வாசலில் வரிசையாக நின்றது. முதலில் அலெக்ஸாண்டர், அடுத்தது கிறகரி. அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள் றஞ்சிதா. அவன் தமையன் பக்கமாக இரண்டடி தள்ளிப்போனான். நடுவில் விழுந்த இடைவெளி வழியாகச் சனம் வெளியே போகத் தொடங்கியது. அண்ணனுக்குக் கை, தம்பிக்குக் கை, பிறகு இடைவெளி. றஞ்சிதாவுக்கு நீட்டப்படாத கைகள் அவளுடைய தோளை உரசிக்கொண்டு போயின.

கடைசியில் வாடிப் பெண்கள் வந்தார்கள். முன்னுக்கு அன்ரோனெற். மூன்று பிள்ளைகளோடு தனித்தவள். விடிந்தால் அதே சம்மாட்டியிடம் வேலைக்குப் போக வேண்டியவள். அவருக்குக் கை கொடுத்தாள். கிறகரிக்குக் கொடுத்தாள். இடைவெளிக்குள் வந்தவள் வெளியே போகவில்லை. திரும்பி, சனத்தைப் பார்த்தபடி, றஞ்சிதாவின் பக்கத்தில் செத்தவீட்டுக்காரி மாதிரிக் கைகளைக் கோர்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் வந்த பெண்களின் வரிசை ஒரு கணம் நின்றது. பிறகு றஞ்சிதாவை நோக்கி நகர்ந்தது.