ஹரிபிரசாத்தின் வெறும் கண்ணாடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புனே கேம்ப்பில், இர்பானின் மூக்குக்கண்ணாடிக் கடையில். என் கண்ணாடிமேல் நானே உட்கார்ந்து அதன் காலை ஒடித்திருந்தேன். (பூனை உட்கார்ந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். எங்களிடம் பூனை இல்லை.) ஒட்டிக்கொண்டே இர்பான் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "டிவியில் நியூஸ் படிக்கிற மேடம் ஒருத்தர் என்கிட்டதான் கண்ணாடி வாங்குறாங்க. ஒருநாளும் டிவியில் போட்டதில்லை. அவங்ககூட நியூஸ் படிக்கிற சாருக்குக் கழுகுப் பார்வை. அவர் பவரே இல்லாத வெறும் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிறார், அறிவாளியாத் தெரியணுமாம்."

2

அந்த மேடத்துக்கு ராஜஸ்ரீ என்று பெயர் வைத்து எழுத உட்கார்ந்தேன். தொடக்கம்: நாற்பத்திரண்டு வயதிலும் ராஜஸ்ரீ மாம்பழ நிறப் பட்டில்

வேண்டாம். இன்னொன்று: மேக்கப் இல்லாமலே ராஜஸ்ரீயின் முகம்

சீ. மூன்றாவது: லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த அந்த உயரமான

"தாத்தா!" என்று என்னைக் கூப்பிட்டாள் ராஜஸ்ரீ, தாளுக்குள்ளிருந்து. "மூணு தடவை ஆரம்பிச்சாச்சு. மூணுலயும் நான் எப்படி இருக்கேன்னுதான். என்ன பண்ணினேன்னு ஒரு வரி?"

"வரும்மா, வரும்."

"எங்க சேனல்லயும் இருபது வருஷமா இதையேதான் சொல்றாங்க."

3

சரி. ஹிஞ்சேவாடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பே வாந்தி, பேதியில் படுத்தது. ராஜஸ்ரீ தண்ணீர் லாரிகளை ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து, அவை சாக்கடை கலக்கிற குட்டையில் நிரப்பிக்கொள்வதைப் படம் பிடித்தாள். (லாரிக்காரர்கள் துரத்தினார்கள். ஹிஞ்சேவாடி நெரிசலில் துரத்தியவர்களும் தப்பியவளும் ஒரே இடத்தில் மாட்டி, ஒரே தள்ளுவண்டியில் வடாபாவ் வாங்கித் தின்றார்கள். பிறகு துரத்தல் தொடர்ந்தது.)

இன்று எட்டு மணிச் செய்தியில் அதுதான் முதல் செய்தி. யார் படிப்பது?

"நீயே படி ராஜி," என்றார் செய்தி ஆசிரியர் சந்தானம். "கண்ணாடி மட்டும் வேண்டாம். டீச்சர் மாதிரி இருக்கே."

"ஹரிபிரசாத் போட்டுக்கறாரே சார்?"

"அவனுக்கு அது ஒரு களை."

"சார், எனக்குத் திரையில ஓடற எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எந்தக் குட்டை, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில, ஒண்ணு தப்பாப் படிச்சாலும் லாரிக்காரன் மொத்தமும் பொய்ம்பான்."*

"அப்ப ஹரி படிக்கட்டும். நீ மோதகம் செய்முறை பண்ணு. அதுக்குப் படிக்கவே வேண்டாம்."

"நான் எடுத்த செய்தி சார். நானே படிக்கிறேன்."

* கண்ணுக்குள் லென்ஸ் போடலாமே என்பவர்களுக்கு: போட்டாள். ஸ்டுடியோ ஏசிக் குளிரில் அது உறைந்து, முதலமைச்சர் பேச்சின் நடுவே மேசையில் 'டக்'கென்று விழுந்தது. சத்தம் நாசிக் வரை கேட்டதாம்.

4

எட்டாகப் போகிறது. ராஜஸ்ரீ மேசையில். மடியில் கண்ணாடி. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து நாற்காலியில் ஹரிபிரசாத், தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. அதில் துடைக்க என்ன இருக்கிறதோ.

காதுக்குள் சந்தானம்: "சிரிச்ச முகமா, ராஜி."

"குழந்தைங்க டிரிப்ஸ்ல கிடக்கு சார்."

"லேசா."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து

(போட்டாள் என்று எழுதினால் நாளை முதல் மோதகம். கீழே வைத்தாள் என்றால் குட்டையின் பெயர் தப்பும், லாரிகள் ஓடும்.)

"தாத்தா, சீக்கிரம்! நேரலை போயிட்டிருக்கு!"

எழுபத்தாறு வயதில் நான் சோடாபுட்டி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கழற்றிவிட்டு எழுதுங்கள் என்று ஒரு பத்திரிகையும் கேட்டதில்லை. புகைப்படத்துக்கு மட்டும் கட்டாயம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், களையாக இருக்குமாம்.

முடிவை எழுதிவிட்டேன். கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படியுங்கள். போடாதவர்கள் பத்தடி தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

. . . . . . . . .

தெரியவில்லையா? தப்பில்லாமல், சத்தமாகப் படியுங்கள். ஊரே பார்க்கிறது.

சிரித்த முகமாக.